30 லட்சம் ராண்டுக்கு 15 சதவீதம்: கையெழுத்துப் போடலாமா?

நெல்லை_டர்பன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முதலீட்டுத் தாள்ல, சேஃப்னு பேரு, கையெழுத்துப் போடுறேனா இல்லையான்னு சொல்லியாகணும். வீட்டுல இதையே பேசிப் பேசி, இப்போ நான் "சேஃப்"னு வாயைத் திறந்தாலே வீட்டுக்காரி எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுறா.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து 11 வருஷம் ஆச்சு. வந்தப்போ ஒரு கிளியரிங் ஏஜென்ட்கிட்ட ஷிப்பிங் கிளார்க். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பல்ல வருது, இறக்கியாச்சா, லாரி துறைமுகத்துக்குள்ள போக எத்தன மணிக்கு ஸ்லாட், பகல் முழுக்க இதுதான் பொழப்பு. பேஹெட் ரோட்டுல லாரி வரிசை கட்டி நிக்கிறதைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நூறு லாரி ஓட்டுற கம்பெனியில ஸ்லாட் பிடிக்கன்னே ராத்திரி ஷிப்டுக்கு ஆள் உண்டு. மூணு லாரி வச்சிருக்கிற மனுஷன் என்ன செய்வாரு? டிரைவர் வாட்ஸ்ஆப்புல படம் அனுப்புவாரு, இவரு தூங்குற மருமகனை எழுப்பி கம்ப்யூட்டர்ல தட்டச் சொல்லுவாரு. காலி கன்டெய்னரைத் தப்பான டிப்போவுக்குக் கொண்டுபோயிட்டா அன்னைக்கு ஒரு டிரிப் போச்சு. நாள் தவறினா கப்பல் கம்பெனிக்கு டிடென்ஷன்னு தாமதக் கட்டணம் வேற அழணும்.

இந்தச் சின்ன ஆளுங்களுக்காகத்தான் நானும் சாட்ஸ்வொர்த்துல பொறந்து வளர்ந்த என் கூட்டாளியும் ஸ்லாட் பிடிக்க ஒரு செயலி செஞ்சோம். ரெண்டு வருஷம் ஆகுது. இன்னைக்கு 38 பேர் காசு கட்டிப் பயன்படுத்துறாங்க. சராசரி மாசம் 2,400 ராண்ட், மொத்தம் 91,200. ஒரு டெவலப்பர் சம்பளம், நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிற கைச்செலவு, சர்வர் எல்லாம் போக மாசம் 40,000 துண்டு விழுது. அதை இதுவரைக்கும் தாங்கினது பாளையங்கோட்டையில இருக்கிற என் மாமனார் 2022-ல அனுப்பின 4 லட்சம் ராண்ட்தான். தாள், பத்திரம் எதுவும் கிடையாது. "மாப்ள, பார்த்துச் செய்யுங்க"ன்னாரு, அவ்வளவுதான்.

இப்போ ஜோஹானஸ்பர்க்ல ஒரு சின்ன முதலீட்டு நிறுவனம் 30 லட்சம் ராண்ட் தர்றேங்குது. சேஃப் ஒப்பந்தம், இப்போ காசு குடுத்துட்டுப் பின்னாடி கம்பெனியில 15 சதவீதம் பங்கா எடுத்துப்பாங்க. அதாவது கம்பெனியை 2 கோடி ராண்டுன்னு மதிக்கிறாங்க. கேட்டப்போ கால் தரையில நிக்கல, உண்மையைச் சொல்லிடுறேன்.

ஆனா மனசுல ஒரு முள்ளு. 2021-ல கேப் டவுன்ல இருக்கிற என் சிநேகிதன் ஒருத்தன் 11 ஸ்லைடு மட்டும் வச்சுக்கிட்டு, ஒரு வாடிக்கையாளர்கூட இல்லாம, நாலே வாரத்துல இதைவிட அதிகம் வாங்கினான். நான் 38 பேரை வச்சுக்கிட்டு ஏழு மாசமா அலையுறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டாங்க, குடுத்தேன். எந்த வாடிக்கையாளர் எந்த மாசம் வந்தாரு, யாரு விட்டுட்டுப் போனாங்க, ஏன் போனாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. கடைசியா ஒரு தம்பி, வயசு 26 இருக்கும், "இந்த வேலைக்கு எதுக்கு மூணு பேரு? ஒரு டெவலப்பரும் ஏஐயும் போதாதா?"ன்னு கேட்டாரு. பின்னாடி மொரிஷியஸ்ல ஒரு தாய்க் கம்பெனி போடணும்னும் ஒரு வரி இருக்கு.

என்னதான் மாறிப்போச்சு? இது நல்ல விலையா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ப்ரெடோரியா_பையன்:

அண்ணே, அமெரிக்காவுல புதுக் கம்பெனிகள்ல முதலீடு பண்ற ஒய் காம்பினேட்டர் 7 சதவீதத்துக்கு 5 லட்சம் டாலர் குடுக்குது. நீங்க 15 சதவீதத்தை 30 லட்சம் ராண்டுக்கு விக்கிறீங்க. அங்க அப்ளை பண்ணுங்க, இதெல்லாம் கந்துவட்டி.

எபேன்_மதுரை:

ப்ரெடோரியா தம்பி, பாதி தெரிஞ்சு பேசாதீங்க. அந்த 7 சதவீதம் 1.25 லட்சம் டாலருக்கு மட்டும்தான். 2022-லேருந்து மிச்ச 3.75 லட்சம் தனி சேஃப், அதுல கேப், அதாவது கம்பெனி மதிப்புக்கு உச்சவரம்பு, கிடையாது. அடுத்து வர்றவங்களுக்கு எது சிறந்த விலையோ அதே விலை எங்களுக்கும்னு எழுதியிருக்கும். ஆக மொத்தத்துல எத்தன சதவீதம் போகும்னு அன்னைக்குத் தெரியாது. அதுவுமில்லாம 2022 தொடக்கத்துல அங்க இருபதுக்கு மேல ஆப்பிரிக்கக் கம்பெனிகள் இருந்துச்சு, அடுத்த வருஷமே கைவிரல்ல எண்ணிடலாம்னு ஆயிடுச்சு.

மொரிஷியஸ் விஷயத்துக்கு நான் சாயங்காலம் வர்றேன். நான் பிழைக்கிறதே அதை வச்சுத்தான்.

கணக்கு_அக்கா:

தம்பி, உங்கள் பதிவில் முக்கியமான ஒன்று இல்லை. 30 லட்சமும் ஒரே நாளில் வருகிறதா, தவணையாகவா? தவணை என்றால் அந்தப் பத்தியை வார்த்தைக்கு வார்த்தை போடுங்கள், கம்பெனி பெயரை எடுத்துவிட்டு. அதைப் பார்க்காமல் நல்ல விலை, கெட்ட விலை என்று யாரும் சொல்ல முடியாது.

நெல்லை_டர்பன்:

அக்கா, ரெண்டு தவணை. தமிழ்ல சொன்னா இப்படி: "கையெழுத்தான ஏழு வேலை நாளில் 10 லட்சம் ராண்ட், அதற்கு 8 சதவீதம். மாத வருமானம் 2 லட்சம் ராண்டை 12 மாதத்துக்குள் எட்டி, அது முதலீட்டாளருக்குத் திருப்தி அளிக்கும் நிலையில் இருந்தால், மீதி 20 லட்சம் ராண்ட், அதற்கு 7 சதவீதம்."

கூட்டினா 15 சரியாத்தானே வருது?

கணக்கு_அக்கா:

கூட்டினால் வரும். பிரித்துப் பாருங்கள்.

10 லட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் கம்பெனியின் மதிப்பு 1 கோடியே 25 லட்சம். 20 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் சுமார் 2 கோடியே 85 லட்சம். இரண்டையும் கலந்து சொல்வதுதான் அந்த 2 கோடி. இரண்டாம் தவணை வராமல் போனால் நீங்கள் விற்றது ஒன்றேகால் கோடி விலையில். உங்கள் கால் தரையில் நிற்காமல் போன அந்த எண் எங்குமே இருக்காது.

இனி இரண்டாம் தவணை வருமா என்று பாருங்கள். மாதம் 2 லட்சம் என்றால் உங்கள் விலையில் 84 வாடிக்கையாளர். 38 பேரைச் சேர்க்க இரண்டு வருடம் ஆயிற்று, இன்னும் 46 பேரை ஒரே வருடத்தில் சேர்க்க வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை, விற்பனைக்கு ஆள் போட்டால் முடியலாம். ஆனால் ஆள் போட்டால் மாதத் துண்டு 40,000-இல் நிற்காது. 1 லட்சத்து 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 10 லட்சம் எட்டு மாதம், வருமானம் ஏற ஏறக் கொஞ்சம் இழுத்தால் பத்து மாதம். கெடு 12 மாதம். இலக்கை எட்டுவதற்கு முன்பே கையில் காசு தீர்ந்துவிடும், அப்போது அவர்கள் முன்னால் போய் நிற்பீர்கள். அந்த நேரத்தில் "திருப்தி அளிக்கும் நிலை" என்ற மூன்று சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர்கள் சொல்வதுதான் பொருள்.

இதில் கெட்ட எண்ணம் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கையிலும் பணம் தவணையாகத்தான் வருகிறது. 2021-இல் உங்கள் சிநேகிதன் வாங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வட்டி ஏறத்தாழ பூஜ்யம், இங்கே பேங்குகளின் அடிப்படைக் கடன் வட்டியான பிரைம் 7 சதவீதம். பணத்தை பேங்கில் வைத்தவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை, அதனால் 11 ஸ்லைடுக்கும் கொட்டினார்கள். 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி ஏற்ற ஆரம்பித்து, 2023 ஜூலையில் 5.25 – 5.5 வரை கொண்டுபோனது. இங்கே 2023 மே மாதம் பிரைம் 11.75. அந்த வருடம் அரசாங்கத்தின் ஐந்து வருட சேமிப்புப் பத்திரமே 11 சதவீதத்துக்கு மேல் கொடுத்தது. தபால் ஆபீசில் போடுவது மாதிரி போட்டுவிட்டுத் தூங்கலாம். அப்படி இருக்கும்போது ஒரு பணக்காரக் குடும்பத்திடம் போய் "பத்து வருடம் பூட்டி வையுங்கள், பத்தில் ஏழு கம்பெனி போய்விடும்" என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள்? என் வாடிக்கையாளரில் ஒரு சிறு நிதி இருக்கிறது, 2019-இல் ஒன்பது மாதத்தில் திரட்டியது. அடுத்த நிதியைத் திரட்ட மூன்று வருடமாக விமான டிக்கெட் பில்தான் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக்கே உரிய அடியும் உண்டு. சின்னக் கம்பெனிகளுக்குப் போகும் நிதியில் போட்ட பணத்தை வரியில் கழிக்க விட்ட 12ஜே வரிச்சலுகை 2021 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. 2018-இல் 140 கோடி ராண்ட் என்று அறிவித்த நாஸ்பர்ஸ் ஃபவுண்ட்ரி என்ற முதலீட்டு நிதியை 2023-இல் மூடிவிட்டார்கள். பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது: டைம் நிறுவனம் 2024 டிசம்பரில் 25 கோடி டாலர் திரட்டியது, ஸ்டிட்ச் 2025 ஏப்ரலில் 5.5 கோடி டாலர். ஆனால் ஒன்று வங்கி, மற்றது பணப் பட்டுவாடா, இரண்டும் ஏற்கெனவே வளர்ந்த மரம். விதைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அப்படி ஊற்றுகிறவர்களும் முளைத்ததைக் காட்டு என்கிறார்கள். பெயர் மட்டும் இன்னும் சீட் ஃபண்ட், அதாவது விதை நிதி.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மிச்சம் இரவு எழுதுகிறேன்.

மெரிபேங்க்_தாத்தா:

வணக்கம். நான் டர்பனில் பிறந்தவன். என் தமிழ் மெரிபேங்க் மாலை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுக்கவும்.

அந்த அம்மா 12ஜே என்று எழுதினார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். 2019 பிப்ரவரி. வரி ஆண்டு முடியும் மாதம். எனக்கு ஷீட் மெட்டல் பட்டறை, அந்த வருடம் நல்ல லாபம். ஒரு மனிதர் டை கட்டிக்கொண்டு வந்தார். 5 லட்சம் ராண்ட் போடுங்கள், புதிய சின்னக் கம்பெனிகளுக்குப் போகும், உங்கள் வரியில் 2 லட்சத்து 5,000 திரும்பி வரும் என்றார். என் வரி 41 சதவீதம். சொன்னபடி வந்தது. அதில் பொய் இல்லை.

ஐந்து வருடம் எடுக்கக் கூடாது என்று சட்டம். சரி என்றேன். பிறகுதான் கேட்டேன், எந்தப் புதிய கம்பெனி? மாணவர்கள் தங்கும் அறைகள் என்றார்கள். கட்டிலும் குளியலறையும். நான் ஏதோ பையன்கள் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். 2024 பிப்ரவரியில் ஐந்து வருடம் முடிந்தது. கடிதம் வந்தது: கட்டடம் விற்பனைக்குப் பார்க்கிறோம், அடுத்த காலாண்டில் தெரிவிப்போம். இப்போது எத்தனை காலாண்டு ஆகிவிட்டது! ஒவ்வொரு கடிதமும் நல்ல தடித்த காகிதத்தில் வருகிறது. இன்னொன்று, விற்று வந்தாலும் முழுவதற்கும் கேபிடல் கெயின்ஸ் வரி கட்டவேண்டும், ஏனென்றால் போட்ட பணத்தை ஏற்கெனவே வரியில் கழித்தாகிவிட்டது. இதை டை கட்டியவர் மெதுவாகச் சொன்னார், நான் கவனிக்கவில்லை.

அரசாங்கம் அதை நிறுத்தியபோது, பணக்காரருக்கு வரி குறைந்தது, வேலைவாய்ப்பு எதிர்பார்த்தபடி வரவில்லை என்றது. அது சரிதான், நானே சாட்சி. ஆனால் அறைக்குப் போகாமல் உண்மையாகவே பட்டறைக்குப் போன கொஞ்சம் பணமும் அதோடு நின்றுவிட்டது.

தம்பி, உங்கள் கூட்டாளி சாட்ஸ்வொர்த்தில் எந்த யூனிட், எந்தப் பகுதி? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் கோயில் கமிட்டியில் எட்டுப் பேர். எல்லோரும் வேலையை விட்டவர்கள், பேங்கில் பணம் தூங்குகிறது. ஆளுக்கு 50,000 போட்டால் 4 லட்சம். உங்கள் ஜோஹானஸ்பர்க் ஆள் மாதிரி பெரிய தொகை இல்லை. ஆனால் நாங்கள் லாரியைப் பார்க்க வருவோம்.

கணக்கு_அக்கா:

ஐயா, உங்கள் தமிழில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எட்டுப் பேரும் தனித்தனியாகப் பங்குப் பட்டியலில் ஏறாதீர்கள். அடுத்த முதலீட்டாளர் வரும்போது ஒவ்வொரு தாளுக்கும் எட்டுக் கையெழுத்து. ஒருவர் புரட்டாசி விரதத்தில் இருப்பார், ஒருவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருப்பார், ஒருவருக்குக் கோபம் இருக்கும். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்து, அது ஒரே முதலீட்டாளராக வரட்டும். வழக்கறிஞரிடம் ஒரு முறை செலவு, அவ்வளவுதான்.

நெல்லைத் தம்பிக்கு மிச்சம்.

சேஃப் என்பது ஒய் காம்பினேட்டர் 2013-இல் எழுதி வெளியிட்ட தாள். கடன் இல்லை, வட்டி இல்லை, கெடு தேதி இல்லை. அடுத்த பெரிய சுற்றில் பங்காக மாறும். 2018-இல் அதைத் திருத்தினார்கள், போஸ்ட்-மணி என்பார்கள். உங்களிடம் வந்திருப்பது அந்த வகை. பழைய தாளில் பின்னால் வரும் சேஃப் முன்னால் வந்தவரின் பங்கையும் கொஞ்சம் கரைக்கும். புதியதில் பெரிய சுற்று வரும்வரை கரைவது நீங்கள் இருவர் மட்டுமே. இன்று 15 போனால் உங்களிடம் 85. அடுத்த வருடம் கை கடிக்கிறதே என்று இன்னொரு சின்ன சேஃப், 10 சதவீதம். ஜோஹானஸ்பர்க்காரரின் 15 அப்படியே இருக்கும், உங்களிடம் 75. பிறகு பெரிய சுற்றில் புதியவருக்கு 20, ஊழியர் பங்குக்கென்று 10. உங்கள் 75, ஐம்பத்திரண்டரை ஆகும். ஆளுக்கு 26 சொச்சம். கையெழுத்துப் போடுகிற அன்று பங்குப் பட்டியலில் எதுவும் மாறாது, அதனால் ஒன்றுமே போகாத மாதிரி இருக்கும். அதுதான் இந்தத் தாளில் நான் பயப்படுகிற இடம். ஒரு பையன் நான்கு சேஃப் போட்டுவிட்டு என்னிடம் வந்தான், கணக்குப் போட்டுக் காட்டியபோது என் மேஜையில் இருந்த தண்ணீரை முழுவதும் குடித்தான்.

இன்னொன்று. கம்பெனியை நாளைக்கு யாராவது 1 கோடிக்கு வாங்கினால் 15 சதவீதம் என்பது 15 லட்சம். ஆனால் அவர்கள் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்கலாம், எது அதிகமோ அது. 30 லட்சம் போட்டிருந்தால் 30 லட்சம்தான் போகும். இது வழக்கம், அநியாயம் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் பணம். இந்தியாவிலிருந்து உங்கள் சொந்தக் கணக்குக்குப் பரிசு என்று வந்து, நீங்கள் கம்பெனியில் போட்டிருந்தால், கம்பெனி புத்தகத்தில் அது உங்கள் லோன் அக்கவுண்ட், அதாவது கம்பெனிக்கு நீங்கள் கொடுத்த கடன். மாமனாருக்குப் பங்கு ஒன்றும் இல்லை. முதலீட்டாளர் நிச்சயம் கேட்பார், "இந்த 4 லட்சத்தை எங்கள் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டேன்" என்று எழுதி வாங்குவார். எழுதிக் கொடுக்கலாம். ஆனால் மாமனார் அதைக் கடன் என்று நினைக்கிறாரா, பங்கு என்று நினைக்கிறாரா? ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பங்கு என்றால் வெளிநாட்டுக்காரர் பங்குதாரர் ஆகிறார். பங்குச் சான்றிதழில் வெளிநாட்டவர் என்று பேங்கில் முத்திரை வாங்க வேண்டும். அது இல்லாமல் நாளைக்கு லாபத்தை இந்தியாவுக்கு அனுப்பப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த 26 வயதுத் தம்பி கேட்டதற்குக் கோபப்படாதீர்கள். முன்பெல்லாம் சீட் ஃபண்டில் பெரும்பகுதி டெவலப்பர் சம்பளம். இப்போது நிரல் எழுதும் வேலை மலிந்துவிட்டது, எழுதியதை எவனும் நகல் எடுக்கலாம் என்ற பயம் எல்லா முதலீட்டாளருக்கும் இருக்கிறது. உங்கள் பதில் நிரல் இல்லை. ராத்திரி 2 மணிக்கு ஒரு டிரைவர் கூப்பிட்டால் எந்த டிப்போ திறந்திருக்கும் என்று தெரிந்த ஆள் நீங்கள். அதைச் சொன்னீர்களா?

எபேன்_மதுரை:

சொன்ன மாதிரி வந்துட்டேன். மொரிஷியஸ்ல எபேன்ங்கிற ஊர்ல, மத்தவங்களோட கம்பெனிகளை நிர்வகிக்கிற ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியில வேலை. நீங்க சொல்ற தாய்க் கம்பெனி மாதிரி ஒரு அலமாரி நிறைய என் பொறுப்புல இருக்கு, சிலதுக்கு வருஷத்துக்கு நாலு இமெயில்தான் வாழ்க்கை.

ஏன் கேக்குறாங்கன்னா, வெளிநாட்டு முதலீட்டாளருக்குத் தென்னாப்பிரிக்கப் பரிவர்த்தனைக் கட்டுப்பாடு தலைவலி. நாளைக்குப் பங்கை விக்கிறப்போ ரிசர்வ் பேங்க் தாள் எதுவும் இல்லாம வெளிய எடுக்கணும். முன்னாடி தென்னாப்பிரிக்காவுல குடியிருக்கிறவங்க வெளிநாட்டுக் கம்பெனி வச்சு அது மூலமா திரும்ப அங்கேயே முதலீடு பண்றது, அதான் லூப்புங்கிறாங்களே, அதுக்கு அனுமதி கிடைக்காது. 2021 ஜனவரி 1-லேருந்து அந்தத் தடையை எடுத்துட்டாங்க, பேங்க் மூலமா தெரிவிச்சா போதும். அதனால வழி இருக்கு. ஆனா வழி இருக்குங்கிறதும் இன்னைக்கே போகணுங்கிறதும் வேற வேற.

இங்க வரிச் சலுகை வேணும்னா இந்த ஊர்லயே குடியிருக்கிற இயக்குநர் ரெண்டு பேரு, இங்க பேங்க் கணக்கு, வருஷா வருஷம் ஆடிட். எல்லாத்துக்கும் டாலர்ல பில் போடுவோம். உங்க மாச வருமானம் 91,000 ராண்ட். எங்க பில்லைப் பார்த்தா உங்க வீட்டுக்காரி அடுப்படியிலேருந்து திரும்பி வரவே மாட்டாங்க.

அதைவிடப் பெரிசு, செயலியோட உரிமையை டர்பன் கம்பெனியிலேருந்து இங்க மாத்துறது. மாத்தினா தென்னாப்பிரிக்க வரி ஆபீஸ், அதான் சார்ஸ், அதை வித்த மாதிரி பார்க்கும். கம்பெனி வரி 27 சதவீதம், வித்த லாபத்துல 80 சதவீதத்துக்கு அந்த வரி, ஆக லாபத்துல 21.6 சதவீதம். இன்னைக்கு மதிப்பு கம்மியா இருக்கு, அதனால மாத்துறதுன்னா சின்ன வயசுலயே மாத்துன்னும் சிலர் சொல்லுவாங்க. அதுலயும் நியாயம் இருக்கு. ஆனா இங்க கம்பெனி இருந்து, முடிவெல்லாம் சாட்ஸ்வொர்த்துல ரொட்டி தின்னுக்கிட்டே நீங்க ரெண்டு பேரும் எடுத்தா, அது தென்னாப்பிரிக்கக் கம்பெனிதான்னு சார்ஸ் சொல்லும். ரெண்டு நாட்டுக்கும் நடுவுல 2015-ல அமலுக்கு வந்த புது வரி ஒப்பந்தத்துல, இந்த மாதிரி சண்டை வந்தா ரெண்டு வரி ஆபீசும் பேசி முடிவு பண்ணும்னு இருக்கு. அது எவ்வளவு நாள் இழுக்கும்னு என்னைக் கேக்காதீங்க.

ஒய் காம்பினேட்டர் கனவு இருந்தா இன்னொரு விஷயம்: மொரிஷியஸ் தாய்க் கம்பெனியை அவங்க ஏத்துக்க மாட்டாங்க, அமெரிக்காவுல டெலவேர், கேமன் தீவுகள், சிங்கப்பூர்னு கேப்பாங்க. அப்புறம் மறுபடி மாத்தணும்.

அந்த வரியில "போட வேண்டும்"னு இருந்தா, "வெளிநாட்டு முதலீட்டாளர் தலைமையில் அடுத்த சுற்று வந்து, அவர் கேட்டால், அவர் செலவில்"னு மாத்தச் சொல்லுங்க. இதுக்கு யாரும் மல்லுக்கட்ட மாட்டாங்க. என் முதலாளி பார்க்காம இருக்கணும் இந்தப் பதிவை.

ப்ரெடோரியா_பையன்:

சரி, கந்துவட்டின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம், முதலீடே வாங்காம இருந்தா என்ன? 40,000 துண்டுதானே.

கணக்கு_அக்கா:

நல்ல கேள்வி, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2,400-ஐ 3,500 ஆக்கினால் 38 பேரில் 38-ம் நின்றால் துண்டு போய்விடும்; எட்டுப் பேர் போனாலும் மாதம் 1,05,000 வரும், இன்றைக்கு வருவதைவிட அதிகம். ஒரு நாள் டிடென்ஷன் மிச்சமாகிறது என்றால் ஏன் 2,400-இல் நிற்கிறது, தம்பி?

நெல்லை_டர்பன்:

அக்கா, அந்தக் கடைசிக் கேள்வி ராத்திரி தூங்க விடல. ஏன் 2,400-ன்னா, முதல் வாடிக்கையாளர் என் பழைய ஏஜென்சிக்கு லாரி ஓட்டினவரு. அவருகிட்ட கூடக் கேக்க எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம், வேற கணக்கே கிடையாது.

நடந்ததைச் சொல்றேன். வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடல. மூணு மாத்தம் கேட்டு இமெயில் போட்டேன்: முதல் தவணைக்கும் அதே 2 கோடி மதிப்பு, அதாவது 10 லட்சத்துக்கு 5 சதவீதம். திருப்திங்கிற வார்த்தைக்குப் பதிலா பேங்க் ஸ்டேட்மென்ட்ல மூணு மாசம் தொடர்ந்து வர்ற தொகை. மொரிஷியஸ் வரிக்கு எபேன் அண்ணன் எழுதிக் குடுத்தது அப்படியே. மூணாவதுக்கும் ரெண்டாவதுக்கும் அன்னைக்கே சரின்னுட்டாங்க. முதலாவதுக்கு 5 முடியாது, ஆறரைன்னாங்க. கெடுவையும் 12-லேருந்து 18 மாசமாக்கச் சொல்லியிருக்கேன், அதுக்குப் பதில் வரல.

மாமனாருக்குப் போன் போட்டேன். கடனா பங்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. "பேத்தி பேர்ல போட்டதுன்னு வச்சுக்கோங்க"ன்னாரு. அக்கா, இது எந்தக் கணக்குல வரும்?

புது வாடிக்கையாளருக்கு விலை 3,200 ஆக்கிட்டேன். இந்த வாரம் ரெண்டு பேர் சேர்ந்தாங்க, ரெண்டு பேருமே விலையைப் பத்தி வாயே திறக்கல.

தாத்தா செவ்வாய்க்கிழமை வந்தாங்க. காலையில அஞ்சு மணிக்கு பேஹெட் ரோட்டுல நிக்கிறேன்னு சொன்னேன், நாலே முக்காலுக்கு ஃப்ளாஸ்கோட வந்து நிக்கிறாங்க. துறைமுகத்துக்குள்ள போக அனுமதி இல்ல, அதனால வெளிய நின்ன என் வாடிக்கையாளர் ஒருத்தரோட லாரியில ஏறி டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க. டிரைவர் ஜூலு, தாத்தா சரளமா ஜூலு பேசுறாங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. செயலியை எங்க அமுக்கணும்னு டிரைவர்தான் தாத்தாவுக்குச் சொல்லிக் குடுத்தாரு. எழுத்து பொடிசா இருக்கு, இருட்டுல கண்ணு தெரியலன்னு தாத்தா ஒரு குறை சொன்னாங்க. டிரைவரும் அதையே தான் ஆறு மாசமா சொல்றேன்னாரு. என்கிட்ட யாரும் சொல்லல.

6:40-க்கு ஸ்லாட் விழுந்துது. லாரி நகர ஆரம்பிச்சப்புறம்தான் தாத்தா இறங்கினாங்க. கமிட்டி ஞாயித்துக்கிழமை கூடுதாம்.

மெரிபேங்க்_தாத்தா:

எழுத்தைப் பெரிதாக்கியாகிவிட்டதா?

நெல்லை_டர்பன்:

நேத்து ராத்திரியே தாத்தா. அப்டேட் பண்ணிப் பாருங்க.